மழைக்கு முன் எந்தத் தெரு முதலில்? குமரி மாவட்ட ஊர்களுக்கான துப்புரவு வரிசை: முழுமையான வழிகாட்டி

பனி விழும் நாடுகளில், சாலையில் வண்டிகள் வழுக்காமல் இருப்பதற்காகக் குளிர்காலம் முழுவதும் மணலும் பொடிக்கல்லும் உப்பும் தூவுவார்கள். பனி உருகிய பின் அந்த மணல் சாலையோரத்திலேயே தங்கிவிடும் என்பதால், கால்கரி, எட்மன்டன் போன்ற கனடா நகரங்கள் ஆண்டுதோறும் இளவேனிலில் ஊர் முழுவதையும் ஒருமுறை கூட்டி அள்ளுகின்றன. பெரிய சாலைகள் முதலில், குடியிருப்புத் தெருக்கள் அடுத்து என்று வரிசை வகுத்து, எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்பதையும் முன்கூட்டியே பலகை வைத்துச் சொல்லிவிடுகின்றன.

குமரி மாவட்டத்தில் பனி இல்லை, மணலுக்குக் குறைவில்லை. கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் சரிவுகளிலிருந்து செம்மண் இறங்கி வருகிறது. அழிக்கால், பிள்ளைத்தோப்பு போன்ற கடற்கரை ஊர்களில் கடல் சீறும் நாட்களில் கடல் மணலே தெருவுக்குள் ஏறிவிடுகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கணக்கு. நமக்கோ இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. ஆகவே மற்ற ஊர்கள் ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் பெருந்துப்புரவை, அலுவலகங்களில் ‘மாஸ் கிளீனிங்’ என்று வழங்கும் அந்த வேலையை, நாம் இரண்டு முறை செய்தாக வேண்டும். ஆளும் வண்டியும் அதற்கேற்ப இரட்டிப்பாகப் போவதில்லை. எனவே எந்தத் தெருவை முதலில் எடுப்பது, எதைக் காத்திருக்க விடுவது என்ற கேள்வி இங்கே மற்ற ஊர்களைவிடக் கூர்மையாக எழுகிறது.

நாகர்கோவில் மாநகராட்சியின் 52 வார்டுகளுக்கும், குளச்சல், குழித்துறை போன்ற நகராட்சிகளுக்கும், பேரூராட்சிகளுக்கும் இந்த வழிகாட்டி ஏறக்குறைய ஒரே மாதிரி பொருந்தும். வார்டு உறுப்பினர்கள், துப்புரவு மேற்பார்வையாளர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: நாளைப் பின்னாலிருந்து எண்ணுதல்

தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் இயல்பான நாள் ஜூன் 1. நமக்கும் அதுவே கணக்கு. பேச்சிப்பாறை அணையிலிருந்து கன்னிப்பூ எனும் முதல் போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதும் பொதுவாக ஜூன் தொடக்கத்தில்தான். சானலில், அதாவது பாசனக் கால்வாயில், தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால், சானலில் போய்ச் சேரும் தெரு ஓடைகளின் வாய்ப்பகுதியில் இறங்கி வேலை செய்ய முடியாது. ஆகவே முதல் சுற்று மே 25-க்குள் முடிய வேண்டும்; கணக்கெடுப்பும் பட்டியலும் சித்திரை பிறந்த கையோடு தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் இயல்பான தொடக்கம் அக்டோபர் 20-ஐ ஒட்டியது என்பதால், இரண்டாம் சுற்றைப் புரட்டாசியில் தொடங்கி அக்டோபர் 10 வாக்கில் முடித்துக்கொள்வது நல்லது.

இந்த இரண்டு கெடுக்களுக்கு நடுவே திருவிழா நாட்காட்டியையும் வைத்துப் பார்க்க வேண்டும். கன்னியாகுமரியில் வைகாசி விசாகத் தேரோட்டம் முதல் சுற்றின் வாலிலோ, அது முடிந்த சில நாட்களிலோ வந்து விழும். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நவம்பர் இறுதியில் தொடங்கி டிசம்பர் 3-இல் முடியும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் கன்னியாகுமரியிலும் சுசீந்திரத்திலும் நிறையும். மார்கழியில் சுசீந்திரம் தேர். மண்டைக்காட்டு மாசிக் கொடை இரண்டு சுற்றுக்கும் வெளியே நிற்பதால், அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். திருவிழாத் துப்புரவையும் மழைத் துப்புரவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிறது. தேர் ஓடும் நான்கு தெருக்கள் கண்ணாடிபோல் இருக்கும். அதே ஊரின் தாழ்ந்த தெருவில் ஓடை அடைத்துக் கிடக்கும்.

இரண்டாம் படி: ஊரைத் துண்டாக்குதல், உரிமையாளரைக் கண்டறிதல்

வார்டு என்பது தேர்தலுக்காக வகுத்த எல்லை. மழைத் தண்ணீர் வார்டு பார்த்து ஓடுவதில்லை. ஆகவே ஊர்ப்படத்தை எடுத்து, தெருக்களைச் சந்திப்புக்குச் சந்திப்பு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் தண்ணீரும் எந்த ஓடை வழியாக எந்தக் குளத்துக்கோ சானலுக்கோ ஆற்றுக்கோ போகிறது என்பதை அம்புக்குறியால் வரைய வேண்டும். நாகர்கோவிலில் பழையாற்றுக்குப் போகும் தெருக்கள் எவை, அனந்தனார் சானலில் விழும் தெருக்கள் எவை என்று இரண்டு வண்ணத்தில் தீட்டினாலே, அதுவரை தெரியாமல் இருந்த பல உறவுகள் தெரியவரும்.

அடுத்து, ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று எழுத வேண்டும். களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை 66 ஒரு கையில். மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகள் இன்னொரு கையில். சானல்களும் பெரும்பாலான குளங்களும் நீர்வளத் துறையிடம். சாலை ஒருவருடையது, அதன் ஓரத்து ஓடை வேறொருவருடையது, ஓடை போய்ச் சேரும் சானல் மூன்றாமவருடையது என்ற நிலை நம் ஊர்களில் சாதாரணம். சித்திரையிலேயே கடிதம் எழுதி, தொடர்புடைய உதவிப் பொறியாளரை நேரில் அழைத்து வந்து இடத்தைக் காட்டி, யார் எதைச் செய்வது என்று தாளில் முடித்துக்கொள்ளாவிட்டால், மே கடைசி வாரத்தில் மூன்று தரப்பும் ஒன்றையொன்று கைகாட்டும்.

மூன்றாம் படி: நடந்து பார்த்து மதிப்பெண் இடுதல்

லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2016 முதல் தன் தெருக்களைத் துண்டு துண்டாக ஆள் அனுப்பிப் பார்த்து, சிதறிய குப்பை, களை, வீசியெறியப்பட்ட பெரிய பொருட்கள், கள்ளத்தனமாகக் கொட்டிய கழிவு ஆகிய நான்கையும் கவனித்து, 1 முதல் 3 வரை மதிப்பெண் இட்டு வந்திருக்கிறது. 1 என்றால் சுத்தம், 3 என்றால் சுத்தமில்லை. முறை எளிது என்பதே அதன் பலம். நம் தேவைக்கு அந்த நான்கையும் மாற்றிக்கொள்ளலாம்: மண், ஓடை, சருகு, குப்பை.

மண் என்ற தலைப்பில், சாலை விளிம்பில் படிந்த மணல் உள்ளங்கை கனத்துக்கு மேல் இருந்தால் 3. விரல் கனம் இருந்தால் 2. வாரியலால் (துடைப்பத்தால்) ஒரு இழுப்பில் போய்விடும் அளவானால் 1. ஓடையைப் பார்க்க மூடியைத் தூக்க வேண்டியதில்லை. ஓடையை மூடும் காங்கிரீட் பலகைகளான சிலாபுகளுக்கு இடையே உள்ள சந்தில் ஒரு நேரான கம்பியை விட்டு, அடியைத் தொட்ட பின் வெளியே எடுத்தால், கறுப்புச் சேறு எவ்வளவு தூரம் ஒட்டியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஓடையின் ஆழத்தில் பாதிக்கு மேல் சேறு என்றால் 3, கால்வாசிக்கு மேல் என்றால் 2. நான் பார்த்த ஒரு தெருவில் மூன்றடி ஓடையில் கம்பி ஒரு சாண்கூட இறங்கவில்லை; மேலே சிலாபு புதிதாய், வெள்ளையாய், பார்வைக்கு அழகாய் இருந்தது. அந்தத் தெருவை ‘நல்ல நிலை’ என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

சருகைப் பொறுத்தவரை மரத்தைப் பார்க்க வேண்டும், தரையைப் பார்த்தால் போதாது. புளி, வேம்பு, பாதாம் மரங்கள் நிற்கும் தெருவில் இன்று கூட்டினாலும் நாளை அதே அளவு விழும். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சாலைகளில் இலை பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் கொட்டிவிடுவதால், சித்திரையில் அங்கே கிடப்பது மக்கிய பழைய சருகாக இருக்கும். அதுதான் முதல் மழையில் கட்டியாகத் திரண்டு குழாய்ப் பாலங்களின் வாயை அடைக்கும்.

நடப்பதற்கு இருவர் போதும். அவர்களில் ஒருவர் அந்தத் தெருவை அன்றாடம் கூட்டுகிற தூய்மைப் பணியாளராகவே இருக்க வேண்டும். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். எந்தச் சிலாபின் அடியில் கல் விழுந்து கிடக்கிறது, எந்த வீட்டுக் கட்டுமான மணல் மழைதோறும் கரைந்து ஓடைக்குள் போகிறது, எந்த ஓட்டலின் கழிவுநீர் இரவில் திறந்துவிடப்படுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தப் பதிவேட்டிலும் இராது. தெருவைக் கூட்டுவதற்கு முன்பே, காலை ஆறு மணி வாக்கில் கணக்கெடுப்பை நடத்த வேண்டும். சந்தைப் பகுதியை மட்டும் மாலையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். வடசேரி கனகமூலம் சந்தை போன்ற இடங்கள் காலையில் காட்டும் முகமும் சந்தை கலைந்த பின் காட்டும் முகமும் ஒன்றல்ல.

நான்காம் படி: அழுக்கையும் ஆபத்தையும் பெருக்குதல்

மேற்சொன்ன நான்கையும் கூட்டினால் ஒரு துண்டுக்கு 4 முதல் 12 வரை மதிப்பெண் வரும். அதை மட்டும் வைத்து வரிசை போட்டால், அழுக்கான தெரு முதலில் வரும்; ஆபத்தான தெரு எங்கோ நடுவில் நிற்கும். அதனால் அந்தத் தொகையைத் தண்ணீருக்கான எண்ணால் பெருக்க வேண்டும். மழை நின்ற அரை மணியில் வடிந்துவிடும் தெருவுக்கு 1. தண்ணீர் சாலையில் தேங்கும் தெருவுக்கு 2. வீட்டுக்குள் புகும் தெருவுக்கும், சானலிலோ குளத்திலோ நேரடியாக விழும் தெருவுக்கும் 3. அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி, பேருந்து நிலையம் ஆகியவற்றில் ஒன்று அந்தத் துண்டில் இருந்தால் 3 கூட்ட வேண்டும். சென்ற சுற்றில் விடுபட்ட தெருவானால் இன்னும் 2.

ஒரு கற்பனைப் பேரூராட்சியின் மூன்று தெருக்களை எடுத்துக்கொள்வோம். சந்தைத் தெருவுக்கு மண் 2, ஓடை 2, சருகு 1, குப்பை 3, ஆக 8. தண்ணீர் தேங்கும், எனவே 16. பேருந்து நிலையம் அங்கே இருப்பதால் 19. சானல் கரைக் குடியிருப்புக்கு மண் 3, ஓடை 3, சருகு 1, குப்பை 2, ஆக 9. வீட்டுக்குள் தண்ணீர் புகும் என்பதால் 27. சென்ற முறை விடுபட்டதால் 29. மேட்டுத் தெருவுக்கு மண் 1, ஓடை 1, சருகு 3, குப்பை 1, ஆக 6, தண்ணீர் தேங்காது, பள்ளி இருப்பதால் 9. பார்வைக்குச் சந்தைத் தெருதான் மோசம். படம் பிடித்தால் அதுதான் செய்தியில் வரும். கணக்கோ சானல் கரையை முதலில் நிறுத்துகிறது.

ஆனால் இந்தக் கணக்குக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. துண்டுகளுக்கு இடையே உள்ள தொடர்பு அதற்குத் தெரியாது. சானல் கரைக்கு மேலே சரிவில் ஒரு தெரு இருக்கிறது, அங்கே புதுவீடு கட்ட மண் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், அது சாலையோரத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவின் மதிப்பெண் சிறியதாகத்தான் இருக்கும். முதல் மழையில் அந்தச் செம்மண் முழுவதும் சானல் கரை ஓடைக்குள் இறங்கி, அங்கே இரண்டு நாள் பாடுபட்டு எடுத்த வேலையை ஒரே இரவில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். இரண்டாம் படியில் வரைந்த அம்புக்குறிப் படம் இதற்காகத்தான். அதிக மதிப்பெண் பெற்ற ஒவ்வொரு துண்டுக்கும் மேலே என்ன இருக்கிறது என்று படத்தில் பார்த்து, மண் தரும் தெருவை அதே குழுவில் சேர்த்துவிட வேண்டும். கட்டுமானப் பொருளைச் சாலையில் கொட்டியவருக்கு அறிவிப்புக் கொடுப்பதும் இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும்.

ஐந்தாம் படி: புகார் எண்ணிக்கையை அதன் இடத்தில் வைத்தல்

புகார்கள் பயனுள்ளவை, அவற்றை எண்ணி வரிசை போடுவதுதான் பிழை. தொலைபேசியில் பேசத் தெரிந்த, வார்டு உறுப்பினரின் எண் கையில் உள்ள, வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பும் தெருவிலிருந்து பத்துப் புகார் வரும். விடியுமுன் மீன் எடுக்கப் போய்விடும் பெண்கள் வாழும் கடற்கரைச் சந்திலிருந்து ஒன்றும் வராது. புகார் வராத தெருவில் குறையே இல்லை என்று எடுத்துக்கொண்டால், அந்தச் சந்து எத்தனை ஆண்டானாலும் பட்டியலின் அடியிலேயே கிடக்கும். புகார் வந்த இடத்தை மறுபடி நடந்து பார்ப்பதற்கான காரணமாக மட்டும் கொள்ள வேண்டும். மதிப்பெண், தெருவை நடந்து பார்த்தவரின் கையிலிருந்துதான் வர வேண்டும்.

கடற்கரைக் கிராமங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. தெரு குறுகலானது, டிராக்டர் நுழையாது, சில இடங்களில் பேட்டரி வண்டியே திரும்ப முடியாது. ‘வண்டி போகாது’ என்ற ஒரே காரணத்துக்காக அவை ஒவ்வொரு சுற்றிலும் கடைசிக்குத் தள்ளப்படுகின்றன. இத்தகைய சந்துகளுக்குத் தள்ளுவண்டியோடு நான்கைந்து பேர் கொண்ட தனிக் குழுவை முதல் நாளிலிருந்தே ஒதுக்கிவிட்டால், பெரிய வண்டிகளின் வரிசைக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லாமல் போகும்.

அமைச்சர் வருகை, சுற்றுலாப் பருவம் போன்ற திடீர்த் தேவைகள் வரத்தான் செய்யும். அவற்றுக்கென வாரத்துக்கு ஒரு நாளைப் பட்டியலில் வெற்றாக விட்டுவைப்பது என் வழக்கம். வராவிட்டால் அந்த நாள் பின்தங்கிய தெருவுக்குப் போய்ச் சேரும்.

ஆறாம் படி: ஆட்கணக்கு

2016-இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கள் நெருக்கம், வணிகம், உள்ளூர் நிலைமை ஆகியவற்றைப் பொறுத்துத் தெருக்களை நாள்தோறுமோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ, வாரம் இருமுறையோ கூட்டலாம் என்று உள்ளாட்சிகளுக்கு இடம் கொடுத்தன. ஒருவர் ஒரு நாளில் எவ்வளவு கூட்ட முடியும் என்பதற்கு மத்திய அரசின் கையேடுகளில் உள்ள அளவு இது: நெருக்கமான பகுதியிலும் சந்தையிலும் 250 முதல் 350 மீட்டர், நடுத்தர நெருக்கத்தில் 400 முதல் 600 மீட்டர், நெருக்கம் குறைந்த இடத்தில் 650 முதல் 750 மீட்டர்.

நம் கற்பனைப் பேரூராட்சியில் 30 கிலோமீட்டர் தெரு இருப்பதாகக் கொள்வோம்: நெருக்கமானது 6, நடுத்தரம் 14, குறைந்தது 10. ஆளுக்கு முறையே 300, 500, 700 மீட்டர் என்று வைத்தால், 20, 28, 14 என்று வந்து, மொத்தம் ஏறத்தாழ 62 ஆள்-நாள் ஆகும். இது சாதாரணமாகக் கூட்டுவதற்கான கணக்கு. மண் சுரண்டி அள்ளி ஏற்றுவதற்கு இதைப்போல் இரு மடங்கு வைத்துக்கொண்டால் 124. பன்னிரண்டு பேரை இந்த வேலைக்குத் தனியே ஒதுக்க முடிந்தால் பதினோரு நாள். ஓடைத் தூர்வாரலுக்கு வேறு கணக்கு; அது சேற்றின் ஆழத்தையும் சிலாபின் கனத்தையும் பொறுத்தது.

அன்றாடம் வீடு வீடாகக் குப்பை வாங்கும் ஆட்களை இழுத்துப் பெருந்துப்புரவில் போடக் கூடாது. அப்படிச் செய்தால் நான்கு தெருக்கள் சுத்தமாகும் நேரத்தில் நாற்பது தெருக்களின் முனையில் குப்பை மூட்டை சேர்ந்துவிடும்.

இயந்திரக் கூட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1972-இல் வெளியான ஆய்வொன்று, சாலையில் படியும் பொருளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விளிம்புக் கல்லை ஒட்டிய 15 சென்டிமீட்டருக்குள் கிடக்கிறது என்றும், எடையில் சிறுபங்கே ஆன மிக நுண்ணிய தூசியில்தான் மாசின் பெரும்பங்கு ஒட்டியிருக்கிறது என்றும் காட்டியது. அதாவது கூட்ட வேண்டிய இடம் சாலையின் நடு அல்ல, ஓரம். நம் சாலைகளில் பாதிக்கு விளிம்புக் கல்லே கிடையாது. தார் முடிந்த இடத்தில் மண் தொடங்குகிறது, அங்கே இரு சக்கர வண்டிகள் நிற்கின்றன. அகலமான, விளிம்பு கட்டிய சாலைகளில் இயந்திரத்தை ஓடவிட்டு, மற்ற இடங்களை வாரியலுக்கும் மண்வெட்டிக்கும் விடுவதே சரி.

ஏழாம் படி: எந்தத் திசையில் வேலை செய்வது

ஓடைத் தூர்வாரல் கீழிருந்து மேலே போக வேண்டும். தெரு மண் மேலிருந்து கீழே வர வேண்டும். முதலில் ஓடை சானலையோ குளத்தையோ சேரும் வாயைத் திறக்க வேண்டும். அது அடைத்திருக்க மேலே எவ்வளவு எடுத்தாலும், கழிவுநீர் வடியாமல் குழிக்குள் நின்றுகொண்டே இருக்கும். வாய் திறந்ததும், சரிவின் உச்சியிலிருந்து சாலை மண்ணைச் சுரண்டி எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். அதன் பிறகே ஓடையைக் கீழ்முனையிலிருந்து தூர்வாரிக்கொண்டு மேலேற வேண்டும். இந்த ஒழுங்கு மாறினால், ஓடையைத் தூர்வாரிய மறுநாள் சாலையைக் கூட்டுபவர், சுரண்டிய மணலைச் சிலாபுச் சந்து வழியாக அதே ஓடைக்குள் தள்ளிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் வாரியலைக் கொடுத்து, அள்ளுவதற்குச் சட்டியும் வண்டியும் கொடுக்காமல் விட்டால், மணலுக்கு வேறு போக்கிடம் ஏது?

எட்டாம் படி: தெருவைக் காலி செய்தல்

வண்டிகள் நிற்கும் தெருவில் ஓரம் கூட்ட முடியாது. நியூயார்க் நகரம் 1950 முதல், குறித்த நாளில் தெருவின் ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்யச் சொல்லும் முறையை வைத்திருக்கிறது. ஒரு நாள் கிழக்குப் பக்கம், மறுநாள் மேற்குப் பக்கம் என்று நாமும் அதைச் செய்யலாம். வண்டியை எதிர்ப்பக்கம் மாற்றி நிறுத்தினால் போதும் என்பதால் எதிர்ப்பும் குறையும்.

அறிவிப்புக்கு நம் மாவட்டத்தில் நல்ல வழிகள் உண்டு: ஞாயிறு வழிபாட்டின் முடிவில் ஆலய அறிவிப்பு, வெள்ளித் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் ஒரு வார்த்தை, கோயில் ஒலிபெருக்கி. ஆலயத் தெருவில் ஞாயிறு காலையும், பள்ளிவாசல் தெருவில் வெள்ளி நண்பகலும், சந்தை நாளில் சந்தைத் தெருவும் பட்டியலில் வரவே கூடாது.

ஒன்பதாம் படி: அள்ளியதை அன்றே அகற்றுதல்

மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும், இந்த ஒன்றில் தவறினால் முழு உழைப்பும் வீண். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரூராட்சியில் நான் உடனிருந்து பார்த்தது இது. ஏறத்தாழ இருநூறு மீட்டர் ஓடையில் சிலாபுகளைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, கறுப்புச் சேற்றை அள்ளி, காய்ந்தால் எடை குறையும் என்று ஓடையின் விளிம்பிலேயே வரிசையாகக் குவித்தார்கள். காயவிடுவது ஓரளவு நியாயம்தான். ஆனால் டிராக்டர் வேறு வேலைக்குப் போய்விட்டது. முதல் நாள் வரவில்லை, இரண்டாம் நாளும் வரவில்லை. அங்கே வேலை செய்த மூத்த பெண்மணி ஒருவர் மேற்பார்வையாளரிடம், “சாரே, மானம் கறுத்துக் கெடக்கு, இன்னைக்கு எடுக்காட்டா எல்லாம் திரும்ப ஓடைக்குள்ளதான் போவும்” என்றார். மூன்றாம் நாள் மாலையில் ஒரு கோடை மழை. மறுநாள் போனபோது குவியல் இருந்த இடத்தில் ஈரத் தடம் மட்டும் இருந்தது. சிலாபுகளை ஏற்கெனவே மூடிவிட்டதால், உள்ளே போன சேற்றை யாரும் பார்க்கவும் இல்லை. பதிவேட்டில் ‘பணி முடிந்தது’ என்று இருந்தது.

ஆகவே விதி எளிது: ஏற்றிச் செல்ல வண்டி உறுதியாகாத நாளில் சிலாபைத் தூக்கவே கூடாது. சேறு வடிய வேண்டுமானால், ஓடையிலிருந்து தள்ளி, சாக்கில் அள்ளி ஒரு இரவு வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அள்ளியதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். சாலை மணல் பெரும்பாலும் நல்ல மணல். பள்ளம் நிரப்பப் பயன்படும். சருகை உரக்குழிக்கு அனுப்பலாம். பூங்காவும் இடமும் உள்ள ஊரில் அங்கேயே குழி எடுத்துப் போட்டுவிடலாம். சருகைத் தெருமுனையில் கொளுத்துவது எளிதாகத் தோன்றும்; சருகோடு எரிவது நெகிழியும்தான். ஓடைச் சேற்றில் எண்ணெய், கழிவு, கண்ணாடி எல்லாம் கலந்திருப்பதால் அதைத் தனியே கொண்டுசெல்ல வேண்டும். எக்காரணம் கொண்டும் குளக்கரையில் கொட்டக் கூடாது. அடுத்த மழையில் அது குளத்துக்குள் போகும். குளத்திலிருந்து வயலுக்குப் போகும்.

பத்தாம் படி: பணியாளர் பாதுகாப்பு

கையுறை, முட்டளவு ரப்பர் காலணி, ஒளிரும் மேல்சட்டை ஆகியவை முதல் நாள் காலையில் கையில் இருக்க வேண்டும். ‘ஆர்டர் போட்டிருக்கிறோம்’ என்பது போதாது. எலிக்காய்ச்சல் கிருமி, எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்தும் சேற்றிலிருந்தும், கால் வெடிப்பு, சிறு கீறல் வழியாக உடலில் புகும். மழைக்காலத்தில் அந்த ஆபத்து கூடும். சுற்று தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைச் சந்தித்து, தடுப்பு மாத்திரை யாருக்குத் தேவை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சுற்றின்போதோ, முடிந்து மூன்று நான்கு வாரத்துக்குள்ளோ யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், ஓடையில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லச் சொல்ல வேண்டும். மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் உரிய பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தூர்வாரும்போது வீட்டுக் கழிவறைக் குழாய் நேராக ஓடையில் விடப்பட்டிருப்பது தெரிந்தால், அந்த இடத்தில் கையால் அள்ளும் வேலையை நிறுத்தி, இயந்திரத்தை வரவழைக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

பதினொன்றாம் படி: பட்டியலை வெளியிடுதல், மழையில் நடத்தல்

எந்தத் தெரு, எந்த நாள், என்ன மதிப்பெண் என்று மூன்று பத்தியில் ஒரு பட்டியல் தயாரித்து, அலுவலகச் சுவரிலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்ட வேண்டும். மதிப்பெண்ணையும் சேர்த்து ஒட்டுவதுதான் முக்கியம். ‘எங்கள் தெரு ஏன் பதினேழாவது’ என்று கேட்பவருக்கு அதுவே பதில், கணக்கில் தவறு இருந்தால் அவரே அதைக் காட்டித் தருவார். ஊராட்சிகளில் மே 1 கிராம சபையும், நகர்ப்புறத்தில் பகுதி சபைக் கூட்டமும் இதை வாசிக்கத் தோதான இடங்கள். ஒட்டிய பின் வரிசையை மாற்ற வேண்டியிருந்தால், மாற்றிய காரணத்தையும் அதே தாளில் எழுத வேண்டும்.

சுற்று முடிந்ததா என்பதை முதல் கனமழைதான் சொல்லும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடையை எடுத்துக்கொண்டு, பட்டியலின் முதல் பத்துத் தெருக்களையும் கடைசி ஐந்து தெருக்களையும் நடந்து பார்க்க வேண்டும். எங்கே தண்ணீர் சிலாபுக்கு மேல் ஏறியது, மழை நின்ற பிறகு எத்தனை நிமிடத்தில் வடிந்தது, எந்த வாசற்படி வரை வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுவரில் தங்கும் ஈரக்கோட்டைச் சாக்பீஸால் அடையாளமிட்டுப் படம் எடுத்துக்கொண்டாலும் போதும். புரட்டாசிச் சுற்றுக்குத் தண்ணீருக்கான எண்ணை இந்தக் குறிப்பேட்டிலிருந்து எடுக்க வேண்டும். சித்திரையில் 1 என்று இட்ட தெருக்களில் இரண்டு மூன்று தெருக்களுக்காவது, ஆனி மழைக்குப் பின் அந்த எண் 3 ஆகிவிடும்.